நாலு பேர், ஒரு பேட்டன்: ரிலே ஓட்டத்துக்கு ஓர் அறிமுகம்

100 மீட்டர் ஓட்டத்தின் உலக சாதனை 9.58 விநாடி. 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் ஓடியது, இன்னும் முறியடிக்கப்படவில்லை. நாலு பேர் ஆளுக்கு 100 மீட்டராக, பேட்டன் என்ற குச்சியைக் கைமாற்றி ஓடும் 4×100 மீட்டர் ரிலேயின் உலக சாதனை 36.84 விநாடி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜமைக்கா அணி ஓடியது. இந்த 36.84-ஐ நாலால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 9.21 விநாடி வருகிறது. அந்த அணியில் போல்ட்டும் ஒருவர், சரி. ஆனாலும் சராசரி எப்படி போல்ட்டின் சாதனைக்கும் கீழே இறங்கியது?

தனி ஓட்டத்தில் எல்லோரும் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறார்கள். துப்பாக்கி வெடித்து, உடம்பு முழு வேகத்தைப் பிடிப்பதற்குள் ஐம்பது அறுபது மீட்டர் போய்விடும். ரிலேயில் அந்தச் செலவு முதல் ஆளுக்கு மட்டும்தான். மற்ற மூவரும் பேட்டன் கைக்கு வருமுன்பே ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். கடிகாரம் அளப்பது பேட்டனின் பயணத்தை. அந்தப் பேட்டன் எந்த இடத்திலும் வேகம் குறையாமல் போக வேண்டும். ரிலே என்ற விளையாட்டின் மொத்த நுட்பமும் இதற்குள் அடங்கிவிடுகிறது. அதன் சந்தோஷமும் இங்கேதான் பிறக்கிறது என்பேன். தனியாக ஓடினால் ஒருபோதும் எட்டமுடியாத வேகத்தை, நாலு பேர் சேர்ந்து ஒரு குச்சிக்குக் கொடுக்கிறார்கள்.

முதலில் அடிப்படைகளைப் பார்த்துவிடலாம். 400 மீட்டர் டிராக்கில் ஒரு சுற்று. ஒவ்வொரு அணிக்கும் ஒரு லேன், அதாவது கோடு போட்டுப் பிரித்த தனிப் பாதை. நாலு பேர் நாலு இடங்களில் நிற்பார்கள். பேட்டன் என்பது உள்ளீடற்ற ஒரு குழாய்; நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர், எடை 50 கிராமுக்குக் குறையக்கூடாது. பெரிய போட்டிகளில் பெரும்பாலும் அலுமினியம். நம் பள்ளிகளில் மரக்கட்டையையும், அறுத்து எடுத்த பி.வி.சி. பைப் துண்டையும்கூடப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு அது போதும்.

பேட்டன் கைமாற ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை ஜோன் என்பார்கள். 4×100-இல் அதன் நீளம் 30 மீட்டர். முன்பு 20 மீட்டர் ஜோனும், அதற்கு முன்னால் ஓடி வேகம் பிடிக்க 10 மீட்டரும் தனித்தனியாக இருந்தன. 2017-இல் விதியை மாற்றி இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இந்த 30 மீட்டருக்குள் பேட்டன் கைமாறியாக வேண்டும். ஓடுகிறவரின் கால் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. பேட்டன் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் நடுவர் பார்ப்பார். கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ கைமாறினால் மொத்த அணியும் தகுதி நீக்கம்.

இப்போது இரண்டாவது ஆளின் இடத்தில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜோனின் தொடக்கக் கோட்டை ஒட்டி, லேனின் வெளிப்பக்கமாக நிற்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் தரையில் ஒரு டேப் துண்டு ஒட்டியிருக்கிறது. பயிற்சியில் உங்கள் பாதத்தாலேயே குதிகாலும் விரலும் ஒட்ட அளந்து நீங்கள் வைத்த அடையாளம் அது. துப்பாக்கி வெடிக்கிறது. முதல் ஆள் வளைவில் வருவது தெரிகிறது. முழங்காலை மடக்கி, தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்கிறீர்கள். உங்கள் ஆளின் முகத்தைப் பார்க்கக்கூடாது. பக்கத்து லேன்காரர் எங்கே வருகிறார் என்று பார்க்கவே கூடாது. டேப்பை மட்டும் பார்க்க வேண்டும். அவர் கால் டேப்பைத் தாண்டிய அந்தக் கணம் நீங்கள் முன்னால் திரும்பி, உயிரைக் கொடுத்து ஓடுகிறீர்கள். அதன் பிறகு திரும்பிப் பார்ப்பதே கிடையாது.

ஏழெட்டு எட்டுக்குப் பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "கை!" என்றோ "ஹே!" என்றோ அணி முன்பே பேசிவைத்த ஒரு சொல். உடனே கையைப் பின்னால் நீட்டுகிறீர்கள். கட்டைவிரல் விரிந்து, உள்ளங்கை பின்பக்கம் பார்த்து, ஆடாமல் நிற்கிறது. அடுத்த எட்டில் அந்த உள்ளங்கையில் பேட்டன் வந்து அறைகிறது. சத்தம் கேட்கும், லேசாக வலிக்கும். விரல்கள் தானாக மூடிக்கொள்கின்றன. அந்த அறையைப் போல ஓட்டத்தில் எனக்கு இன்பம் தந்தது வேறெதுவும் இல்லை. பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமலே முழு வேகத்தில் ஓடியிருக்கிறோம், வருவார் என்று நம்பியிருக்கிறோம், வந்துவிட்டார். பயிற்சியில் பலநூறு முறை செய்ததுதான். இருந்தாலும் பந்தயத்தில் அது நடக்கும்போது ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

ஏன் பார்க்காமல் வாங்க வேண்டும், திரும்பிப் பார்த்து வாங்கினால் என்ன என்று புதியவர்கள் கேட்பார்கள். திரும்பினால் தோள் திரும்பும், வேகம் குறையும். 4×100-இல் அணிகளுக்கு இடையே வித்தியாசம் நூறில் சில விநாடிகள்தான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் 38.07 விநாடியில் தங்கம் வென்றது, அமெரிக்கா 38.08. தனி 100 மீட்டர் இறுதிப் போட்டியில் பிரிட்டன் வீரர் ஒருவர்கூட ஓடவில்லை. அமெரிக்காவுக்கோ அதே இறுதியில் ஓடிய மூவர் இருந்தார்கள். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் அந்தத் தங்கம் போயிருக்கும்.

டேப்பை எங்கே வைப்பது என்பதுதான் புதிய அணிக்குப் பெரிய வேலை. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர் அதன் கூடவே ஓடித்தான் கம்பியைப் பிடிப்பார், இல்லையா? பேட்டன் வாங்குகிறவருக்கும் அதே நியாயம்தான். வருகிறவரின் வேகமும் போகிறவரின் வேகமும் சமமாகிற இடத்தில் கைமாற வேண்டும். டேப் மிகவும் தள்ளி இருந்தால், வாங்குகிறவர் சீக்கிரமே கிளம்பிவிடுவார். கொடுக்கிறவர் எவ்வளவு எட்டிப் பிடித்தாலும் கை எட்டாது, ஜோன் முடிந்துவிடும். டேப் மிகவும் கிட்ட இருந்தால், வருகிறவர் முதுகிலேயே மோதிவிடுவார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபது பாதம் தள்ளி வைத்துத் தொடங்கலாம். ஓடிப் பார்த்து, மோதினால் இரண்டு பாதம் கூட்டுங்கள், எட்டவில்லை என்றால் இரண்டு பாதம் குறையுங்கள். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் முழு வேகத்தில் ஓடினால்தான் இந்த அளவுக்கு அர்த்தம் உண்டு. பயிற்சியில் அரை வேகத்தில் ஓடி அளந்த டேப், போட்டியன்று ஏமாற்றிவிடும்.

கை மாற்றுவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதல் ஆள் பேட்டனை வலது கையில் பிடித்துக்கொண்டு வளைவின் உட்பக்கத்தை ஒட்டி ஓடுவார். இரண்டாவது ஆள் இடது கையில் வாங்குவார். மூன்றாவது ஆள் வலது கையில், நாலாவது ஆள் மறுபடி இடது கையில். யாரும் பேட்டனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவதில்லை. வலது கையில் வைத்திருக்கும் இருவரும் வளைவில் ஓடுகிறவர்கள். உட்கோட்டை ஒட்டி ஓட அது வசதி. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் லேனின் ஆளுக்கொரு பாதியில் இருப்பதால் கால் இடறாது. இன்னொரு லாபமும் உண்டு. இருவரும் கையை முழுக்க நீட்டிக் கொடுத்து வாங்கினால், இருவருக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவு தூரம் இருக்கும். அந்த ஒரு மீட்டரைப் பேட்டன் யாரும் ஓடாமலே கடந்துவிடுகிறது. மூன்று கைமாற்றத்துக்கு மூன்று மீட்டர்.

இந்த இடத்தில் ஜப்பானைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர்களுடைய நால்வர்: ரியோட்டா யமகட்டா, ஷோட்டா ஈசுகா, யோஷிஹிடே கிர்யூ, அசுகா கேம்பிரிட்ஜ். 100 மீட்டரை 10 விநாடிக்குள் ஓடியவர் அன்று அவர்களில் யாரும் இல்லை. அதுவரை எந்த ஜப்பானியரும் ஓடியதில்லை. கிர்யூ அந்தக் கோட்டைத் தாண்டியது அடுத்த ஆண்டுதான். நால்வரும் தனித்தனியே ஓடிய நேரத்தைக் கூட்டினால் 40 விநாடியைத் தாண்டும். ரிலே இறுதியில் அவர்கள் ஓடியது 37.60. போல்ட் இருந்த ஜமைக்காவுக்கு அடுத்ததாக வெள்ளி. கடைசிக் கைமாற்றத்தில் கேம்பிரிட்ஜும் போல்ட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே பேட்டனை வாங்கினார்கள்.

ஜப்பான் கையாண்டது கீழிருந்து மேலாகக் கொடுக்கும் முறை. பெரும்பாலான அணிகளில் வாங்குகிறவர் கையை உயரமாகப் பின்னால் நீட்ட, பேட்டன் மேலிருந்தோ நேராகவோ வந்து விழும். ஜப்பானியர்கள் கையை இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்வாக வைத்தார்கள். பேட்டன் கீழிருந்து வந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பொருந்தியது. இதில் இருவருக்கும் இடையே உள்ள தூரம் குறைந்துவிடும், அது நஷ்டம். ஆனால் ஓடும்போது கை இயல்பாக வீசும் நிலையிலேயே வாங்கிவிடலாம், வேகம் குறையாது. எது சிறந்தது என்று பயிற்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்கு மேலிருந்து கொடுப்பதையே முதலில் சொல்லிக்கொடுக்கலாம். இலக்கு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஜப்பானின் வெற்றிக்கு முறையைவிட, அவர்கள் வருடக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி செய்ததே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அதே பந்தயத்தில் அமெரிக்கா மூன்றாவதாக வந்தது, பிறகு நீக்கப்பட்டது. முதல் கைமாற்றத்தில் பேட்டன் ஜோனுக்குள் நுழையும் முன்பே ஜஸ்டின் காட்லின் கை அதில் பட்டுவிட்டது. வெண்கலம் கனடாவுக்குப் போனது.

யாரை எந்த இடத்தில் ஓடவிடுவது என்பது பி.டி. சார்களுக்கு முந்தைய நாள் இரவு தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. துப்பாக்கிச் சத்தத்துக்குச் சட்டென்று கிளம்பத் தெரிந்தவர், வளைவில் நன்றாக ஓடுகிறவர் முதல் ஆள். நேர்ப்பாதையில் நீண்ட தூரம் வேகத்தைப் பிடித்துவைக்கத் தெரிந்தவர் இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள் மறுபடி வளைவுக்காரர். வாங்கவும் வேண்டும் கொடுக்கவும் வேண்டும் என்பதால் பதற்றமில்லாதவராக இருக்க வேண்டும். கடைசி ஆளை ஆங்கர் என்பார்கள். பின்தங்கியிருந்தாலும் மனம் தளராமல் துரத்துகிறவர்தான் அங்கே வேண்டும். வேகமானவரை எப்போதும் கடைசியில் வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கட்டாயமில்லை. கைமாற்றத்தில் தடுமாறுகிறவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் ஓரத்து இடங்களில், அதாவது முதலிலோ கடைசியிலோ வைப்பதே நல்லது; அப்போது அவர் கொடுப்பது அல்லது வாங்குவது என்று ஒன்றை மட்டும் பழகினால் போதும்.

4×400 ரிலே இதிலிருந்து முற்றிலும் வேறான அனுபவம். ஆளுக்கு ஒரு முழுச் சுற்று. பேட்டனைக் கொண்டுவருகிறவர் கடைசி ஐம்பது மீட்டரில் கால் கல்லாகி, முகம் கோணித் தத்தளித்து வருவார். அவரை நம்பி கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிட முடியாது. அதனால் இங்கே வாங்குகிறவர் திரும்பிப் பார்த்தே வாங்குவார். வருகிறவருக்கு எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்று கணித்து, அதற்கேற்பத் தன் வேகத்தை வைத்துக்கொண்டு, கையிலிருந்து பேட்டனைப் பிடுங்குவதுபோல வாங்கிப் போவார். ஜோன் 20 மீட்டர். முதல் ஆள் முழுச் சுற்றும் தன் லேனிலேயே ஓடுவார். இரண்டாவது ஆள் முதல் வளைவு முடியும் வரை லேனில் இருந்து, பிறகு எல்லோரும் உட்பக்கத்துக்கு வந்துவிடலாம். அதற்குப் பிறகு தோளோடு தோள் உரசும் ஓட்டம்தான்.

இந்த 4×400-இல் இந்தியா செய்ததைத் தேடிப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பின் தகுதிச் சுற்றில் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் ஆகிய நால்வரும் 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடினார்கள். அன்று அது புதிய ஆசிய சாதனை. அந்தச் சுற்றில் அமெரிக்கா முதலாவது, இந்தியா இரண்டாவது. நம் வீரர்கள் அமெரிக்க வீரர்களின் முதுகை விடாமல் கடைசி வரை துரத்திய காட்சியைப் பார்த்து, ஓட்டப்பந்தயமே பார்க்காதவர்கள்கூட வீட்டில் எழுந்து நின்று கத்தினார்கள். இறுதிப் போட்டியில் ஐந்தாமிடம். அடுத்த சில வாரங்களில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே நால்வர் தங்கம் வென்றார்கள். ஆண்கள் 4×400-இல் இந்தியாவுக்கு அதற்கு முந்தைய ஆசிய விளையாட்டுத் தங்கம் 1962 ஜகார்த்தாவில், மில்கா சிங் ஓடிய அணிக்குக் கிடைத்தது.

கடைசி ஆளாக ஓடிய ராஜேஷ் ரமேஷ் தமிழ்நாட்டுக்காரர். ரிலேயில் தமிழ்நாட்டின் பங்கு சாதாரணமானதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்பு 4×400 முதல்முறையாக நடந்தது. அதில் இந்திய அணியின் நால்வரில் மூவர், ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ், தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். குறுவட்டப் போட்டியில் சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானத்தில் இன்று ரிலே ஓடுகிற பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சரி, பேட்டன் கீழே விழுந்தால்? பலர் அத்தோடு ஆட்டம் முடிந்தது என்று நினைத்து நின்றுவிடுகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. யார் கையிலிருந்து விழுந்ததோ அவரே எடுத்து ஓடலாம், தூரத்தைக் குறைக்காமலும் மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்யாமலும். ரியோவில் அமெரிக்கப் பெண்கள் 4×100 அணிக்கு இது நடந்தது. தகுதிச் சுற்றில் அலிசன் ஃபீலிக்ஸ் பேட்டனைக் கொடுக்கப்போன நேரத்தில் பக்கத்து லேன் வீராங்கனை இடித்து, பேட்டன் விழுந்தது. மற்ற அணிகள் எல்லாம் போய்விட்டன. அவர்கள் வெளியே நடந்துவிடவில்லை. பேட்டனை எடுத்து, ஆள் மாற்றி ஆள் ஓடி முடித்தார்கள். பிறகு முறையிட்டார்கள். இடித்தது உண்மை என்று ஏற்று, அன்று மாலை அவர்களை மட்டும் தனியாக மறுபடி ஓடவிட்டார்கள். யாருமில்லாத டிராக்கில், கடிகாரத்தை எதிர்த்து 41.77 விநாடியில் ஓடி இறுதிக்குள் நுழைந்தார்கள். மறுநாள் முதல் லேனில் ஓடித் தங்கம் வாங்கினார்கள், 41.01 விநாடி.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, விழுந்தால் எடு, ஓடி முடி. பள்ளிப் போட்டிகளில் பேட்டனை விட்ட பிள்ளை டிராக்கிலேயே உட்கார்ந்து அழும். அப்போது மற்ற மூவரும் என்ன செய்கிறார்கள் என்பதை நான் கவனிப்பேன். நல்ல அணிகளில் மூவரும் ஓடிவந்து அந்தப் பிள்ளையின் தோளில் கை போட்டு எழுப்புவார்கள். கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் அந்தக் கைமாற்றத்தில் பங்கு உண்டு என்பது பயிற்சி செய்தவர்களுக்குத் தெரியும். அதனால் ஒருவரை மட்டும் குறைசொல்ல அவர்களுக்கு வாய் வராது. ரிலே ஓடியவர்களுக்குள் பல வருடம் கழித்தும் ஓர் ஒட்டுதல் இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். இதுவும் அதற்கு ஒரு காரணம்.

ஒன்றாக வெல்கிறவர்கள் ஒன்றாகவே இழக்கவும் நேரும். 2008 பெய்ஜிங்கில் ஜமைக்கா வென்ற 4×100 தங்கத்தை 2017-இல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அந்த அணியில் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் சிறுநீர் மாதிரியை மறுபடி சோதித்ததில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. தவறு ஏதும் செய்யாத போல்ட்டும் தன் பதக்கத்தை இழந்தார். கடுமையான விதிதான். ஆனால் நாலு பேரின் நேரத்தைப் பிரித்து எழுதாத ஒரு விளையாட்டில் வேறு எப்படித் தீர்ப்பு சொல்ல முடியும்?

வேகமாக ஓடவராதவர்களுக்கும் ரிலே உண்டு. ஜப்பானில் நெடுந்தூரச் சாலை ரிலே மிகவும் பிரபலம், எகிடென் என்பார்கள். பேட்டனுக்குப் பதில் தோளில் குறுக்காகப் போடும் ஒரு துணிப் பட்டை கைமாறும். 1920-இல் தொடங்கிய ஹகோனே எகிடென் ஆண்டுதோறும் ஜனவரி 2, 3 தேதிகளில் டோக்கியோவுக்கும் ஹகோனே மலைக்கும் இடையே நடக்கிறது. பத்துப் பேர், ஆளுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பல்கலைக்கழக மாணவர்கள் ஓடுவதை, புத்தாண்டு விடுமுறையில் இருக்கும் நாடே தொலைக்காட்சியில் உட்கார்ந்து பார்க்கிறது.

நீங்களும் மூன்று நண்பர்களும் தொடங்க விரும்பினால் ஓட்டமே இல்லாமல் தொடங்குங்கள். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக, லேசாக இடம் வலம் தள்ளி, கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். நின்ற இடத்திலேயே கைகளை ஓடுவதுபோல வீசுங்கள். கடைசியில் நிற்பவர் "கை" என்றதும் முன்னால் நிற்பவர் கையைப் பின்னால் நீட்ட, பேட்டனை வைத்து அழுத்துங்கள். வாங்கியவர் கை மூடும் வரை கொடுத்தவர் விடக்கூடாது. இது பழகியதும் அதே வரிசையில் மெல்ல ஓடிக்கொண்டே செய்யுங்கள். அப்புறம்தான் டேப், ஜோன், முழு வேகம் எல்லாம். முழு வேகக் கைமாற்றத்தை ஒரே நாளில் ஐந்தாறு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். தொடைத் தசை பிடித்துக்கொள்ளும், களைத்த காலில் அளந்த டேப்பும் தப்பாகிவிடும்.

இன்னொன்று. நாலு பேர் என்றாலும் பயிற்சிக்கு ஐந்தாவது ஒருவரையும் கூப்பிடுங்கள். போட்டியன்று ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவருக்குக் கால் பிசகும். ஒலிம்பிக்கிலேயே தகுதிச் சுற்றில் மட்டும் ஓடிய மாற்று வீரர்களுக்கும் பதக்கம் உண்டு. உங்கள் ஐந்தாவது ஆள் நாலு இடங்களிலும் கொடுக்கவும் வாங்கவும் பழகியிருக்கட்டும். குரல் கொடுக்கும் சொல் அவருக்கும் தெரிந்திருக்கட்டும். அவருடைய பாதக் கணக்கையும் நோட்டில் மற்ற நாலு பேருடையதோடு சேர்த்து எழுதி வையுங்கள்.